நெல்லைச் சீமையில் ஒரு நாள் சுற்றுநடை: அம்பையா, ஆதிச்சநல்லூரா, குறுங்குடியா, பாபநாசமா?

பொங்கலுக்கு ஊருக்கு வரும் சித்தப்பா மகன் இந்த வருடம் ஒரு நிபந்தனையோடு கேட்டிருக்கிறான். கார் வேண்டாம், அருவியில் கூட்டத்தோடு முண்டியடிப்பதும் வேண்டாம், ஒரு நாள் நடக்க வேண்டும், வழியில் பழைய இடங்கள் வர வேண்டும், போன வழியே திரும்பக் கூடாது. "சுத்தி வந்து புறப்பட்ட எடத்துலயே முடியணும்ணே, அவ்வளவுதான்" என்கிறான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டதுதான் தாமதம், ஆளுக்கொரு ஊர் வந்து விழுந்தது. அத்தான் பாபநாசம் என்கிறார், மைனி திருக்குறுங்குடியைத் தவிர வேறு பேச்சே கிடையாது என்கிறாள், காலேஜ் படிக்கும் மருமகனுக்கு ஆதிச்சநல்லூர். நான் அம்பைக்காரன், அதாவது அம்பாசமுத்திரம், என் பட்சபாதம் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருக்கிற வேறு யாருக்காவதும் உதவும்.

முதலில் ஒன்று. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேருகிற தாமிரபரணி மொத்தமே ஏறத்தாழ நூற்றிருபத்தைந்து கிலோமீட்டர்தான். தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் என்று இரண்டு மழையும் மலையில் விழுவதால் வற்றாமல் ஓடுகிறது, எட்டு அணைக்கட்டுகளில் தடுத்து இரண்டு கரையிலும் கால்வாய்களில் திருப்பிவிட்டிருக்கிறார்கள், கார், பிசானம் என்று இரண்டு போகம் விளைகிறது. பழைய ஊர்கள் எல்லாம் அந்தத் தண்ணீரை ஒட்டித்தான் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் ஆற்றங்கரையில் எங்கே இறங்கி நடந்தாலும் வயல் இருக்கும், வாய்க்கால் இருக்கும், ஆயிரம் வருடத்துக் கோயில் ஒன்றும் இருக்கும். அழகையும் பழமையையும் வைத்து இந்த நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது, நாலும் அழகு, நாலும் பழசு. தேர்வைத் தீர்மானிப்பது வேறு. கோயில் நடை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள், பத்து மணிக்கு மேல் தலைக்கு மேலே நிழல் இருக்குமா, சுற்று உண்மையிலேயே சுற்றாக முடிகிறதா, இந்த மூன்றும்தான். சுற்றுலாக் கையேடுகளில் இதில் ஒன்றைப் பற்றியும் ஒரு வரி இருக்காது.

பாபநாசத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான். பாபநாசநாதர் கோயில் நவகைலாயம் என்கிற ஒன்பது சிவன் கோயில்களில் முதலாவது, வாசலிலேயே ஆறு, மேலே அகத்தியர் அருவி, அதற்கும் மேலே கல்யாண தீர்த்தம். விடுதலைப் போராளி வ.வே.சு. ஐயர் 1925 ஜூனில் அங்கே தண்ணீரில் விழுந்த மகள் சுபத்திரையைக் காப்பாற்றப் போய்த்தான் உயிரைவிட்டார். சேரன்மகாதேவியில் அவர் நடத்திய குருகுலத்தில் பிள்ளைகளுக்குச் சாதி பார்த்துத் தனித்தனிப் பந்தி போட்ட விவகாரம் தமிழ்நாடு முழுக்கப் பேச்சாகியிருந்த நேரம் அது. வரலாற்றுக்குக் குறைச்சலே இல்லை. ஆனால் நடைக்கு இது சரிப்படாது. மேலே போகப் போகக் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988-இல் இரண்டு சரணாலயங்களைச் சேர்த்து உருவாக்கியது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். செக்போஸ்ட்டைத் தாண்டி நம் இஷ்டத்துக்குக் கால்நடையாகப் போக முடியாது, போகவும் கூடாது, யானை நடமாட்டம் உள்ள இடம். சரி, செக்போஸ்ட்டுக்குக் கீழேயே நடக்கலாம் என்றால் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து கோயிலுக்குத் தார்ச்சாலையில் போய் அதே தார்ச்சாலையில் திரும்ப வேண்டும். அமாவாசை அன்று போனால் படித்துறையில் கால் வைக்க இடமிருக்காது, சடங்கு முடித்தவர்கள் அவிழ்த்துவிட்ட வேட்டியும் சேலையும் தண்ணீருக்கடியில் காலைச் சுற்றும். பாபநாசத்துக்கு இன்னொரு நாள் போங்கள், குளியுங்கள், சாமி கும்பிடுங்கள். இந்தக் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி. அத்தான் கோபித்துக்கொள்ளட்டும்.

திருக்குறுங்குடிக்கு வருவோம். மைனி சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஒரு ஊருக்குள்ளேயே ஒரு நாள் போதாத அளவுக்கு விஷயம் உள்ள இடம் அது. நூற்றெட்டுத் திவ்விய தேசங்களில் ஒன்று. நின்ற நம்பி, இருந்த நம்பி, கிடந்த நம்பி, திருப்பாற்கடல் நம்பி, மலைமேல் நம்பி என்று ஐந்து நம்பிகள். உள்ளே இருக்கும் சித்திர கோபுரத்தின் சிற்பங்களைக் கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். பெருமாள் கோயிலுக்குள்ளேயே சிவனுக்கும் இடம் இருந்த ஊர். கார்த்திகை மாதத்துக் கைசிக ஏகாதசி இரவில் நம்பாடுவான் கதையைக் கோயில் மண்டபத்திலேயே நாடகமாக நடத்துகிறார்கள். பாணர் குலத்தில் பிறந்த ஒருவன் தன்னைத் தின்ன வந்த பிரம்மராட்சசனிடம், பாடிவிட்டுத் திரும்பி வருகிறேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் போய், சொன்னபடி திரும்பியும் வருகிற கதை. நாடகத்துக்காகவே வருகிறவர்கள் வெளியூரிலிருந்தும் உண்டு. அந்த இரவுக்கு வருவதாக இருந்தால் இந்த ஒப்பீடே தேவையில்லை, நேராகக் குறுங்குடிக்குப் போய்விடலாம்.

ஆனால் பொங்கல் சமயத்தில் ஒரு சாதாரண நாளில் நடப்பதற்கு? கோயிலிலிருந்து புறப்பட்டு, திருமங்கையாழ்வார் பரமபதம் அடைந்ததாகச் சொல்லும் திருவரசுக்கு வயல் நடுவே நடந்து போய், குளத்துக்கரை வழியாக ஊரைச் சுற்றி வந்தால் நிதானமாக இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். மகேந்திரகிரி மலை முழுக்கத் தெரியும், காற்று உண்டு, நிழலும் பரவாயில்லை. வயசானவர்கள், சின்னப் பிள்ளைகள் கூட வந்தால் நாலில் இதுதான் சரி. ஒரு நாள் நடை என்று எதிர்பார்த்து வருகிற ஆளுக்கு இது பத்தாது, அதை நீட்டலாம் என்றால் மலைமேல் நம்பி கோயிலுக்குத்தான் நீட்ட வேண்டும். அந்த வழி வனத்துறைக் கட்டுப்பாட்டில் இருக்கிறது, எந்த நாள் விடுவார்கள், எத்தனை மணிக்குள் இறங்கிவிட வேண்டும் என்பது அவர்கள் கையில், தவிர அது ஏறிய வழியே இறங்குகிற பாதை. இன்னொன்று, திருக்குறுங்குடிக்கு ரயில் கிடையாது. வள்ளியூரிலோ நாங்குநேரியிலோ இறங்கி பஸ் பிடிக்க வேண்டும், திரும்பி வரும்போது சாயங்காலம் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற அலுப்பு நடந்த சுகத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

ஆக உண்மையான போட்டி இரண்டுக்கு நடுவேதான். ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஆதிச்சநல்லூர், ஸ்ரீவைகுண்டம் சுற்று. மேல்பகுதியில் அம்பாசமுத்திரம், மன்னார்கோயில், பிரம்மதேசம் சுற்று. இரண்டுக்கும் திருநெல்வேலியிலிருந்து ரயில் உண்டு, முன்னதற்குத் திருச்செந்தூர் வண்டி, பின்னதற்குச் செங்கோட்டை வண்டி.

ஆதிச்சநல்லூர் சுற்றை மருமகன் போட்டுக்கொடுத்த வரிசையிலேயே சொல்கிறேன், நன்றாகத்தான் யோசித்திருக்கிறான். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையம் ஊருக்குள் இல்லை, ஆற்றுக்குத் தெற்கே புதுக்குடிப் பக்கம் இருக்கிறது. 2023 டிசம்பர் பெருவெள்ளத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் எண்ணூறு பயணிகளோடு நகர முடியாமல் நின்றதே, அந்த ஸ்டேஷன்தான். சுற்றிலும் தண்ணீர், தங்கள் வீட்டிலேயே வெள்ளம் புகுந்திருந்த ஊர்க்காரர்கள்தான் அத்தனை பேருக்கும் சோறு பொங்கிப் போட்டார்கள். அங்கே இறங்கி மேற்கே நடந்தால் ஆதிச்சநல்லூர் பரம்பு, பிறகு கருங்குளம் வகுளகிரி, அங்கே ஆற்றைக் கடந்து கொங்கராயக்குறிச்சி, வடகரையோடு கிழக்கே திரும்பி ஸ்ரீவைகுண்டம் ஊர், 1873-இல் கட்டி முடித்த அணைக்கட்டு, அதைத் தாண்டி மறுபடி புதுக்குடி. ஆற்றின் இரண்டு கரையும் பார்த்தாயிற்று, புறப்பட்ட இடத்துக்கே வந்தாயிற்று. வரைபடத்தில் பார்த்தால் இதைவிட ஒழுங்கான சுற்று இந்தச் சீமையில் கிடையாது. தூரம் பதினைந்து கிலோமீட்டருக்குக் குறையாது. வெள்ளத்துக்குப் பிறகு பாலமும் கரைச்சாலையும் எந்த நிலையில் இருக்கின்றன என்று அங்கே உள்ளவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும்.

பரம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத சரளை மேடு, நூற்றுப் பதினான்கு ஏக்கர், சுற்றிலும் நெல்லும் வாழையுமாகப் பச்சையாக இருக்க இது மட்டும் செம்மண்ணும் கல்லுமாக ஒட்டாமல் நிற்கும். அதுதான் விஷயம். விளைகிற நிலத்தை விட்டுவிட்டு விளையாத மேட்டில்தான் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். 1876-இல் ஜெர்மனியிலிருந்து யாகோர் என்பவர் வந்து தோண்டி, கிடைத்ததைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899-லிருந்து அலெக்சாண்டர் ரீ சில வருடங்கள் தோண்டினார், இரும்பு ஆயுதங்கள், வெண்கலப் பாத்திரங்கள், நெற்றியில் கட்டுகிற தங்கப் பட்டங்கள் எல்லாம் வந்தன. பிறகு ஒரு நூறு வருடம் சத்தமே இல்லை. 2004-இல் சத்தியமூர்த்தி தலைமையில் மத்தியத் தொல்லியல் துறை மறுபடி தோண்டியது, அடுத்து 2021-இல். 2023 ஆகஸ்டில் தோண்டிய குழிகளின் மேலேயே கண்ணாடி போட்டுத் தள அருங்காட்சியகம் திறந்தார்கள். கண்ணாடித் தரையில் நின்று குனிந்து பார்த்தால் காலுக்குக் கீழே தாழிகள் கிடைத்தபடியே கிடக்கின்றன, சில உடைந்து வாய் பிளந்து, சில மண்ணில் முக்கால் புதைந்து. முதல் தடவை அதில் கால் வைக்கக் கொஞ்சம் கூசும். யார் மேலேயோ நிற்கிறோம் என்கிற கூச்சம்.

அதற்காகவே போகலாம், மறுக்கவில்லை. போன பிறகு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. பரம்பில் ஒதுங்க நல்ல மரம் கிடையாது. கருங்குளம் வரைக்கும் நடக்கிற பாதை பெரும்பாலும் திருச்செந்தூர்ச் சாலைதான், லாரியும் பஸ்ஸும் பறக்கும், தை மாதம் என்றால் போதாததற்கு முருகனுக்குப் பாதயாத்திரை போகிறவர்களின் கூட்டம். (அந்தக் கூட்டத்தோடு நடப்பது தனி அனுபவம், பச்சை வேட்டியும் அரோகராவும் நீர்மோர்ப் பந்தலுமாக. ஆனால் தம்பி கேட்டது அதுவல்ல.) கொங்கராயக்குறிச்சிக்குப் போய்ச் சேரும்போது பதினோரு மணி தாண்டிவிடும், அங்கிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை நீளமான நடை, அங்கே உள்ள பெருமாள் கோயிலான கள்ளபிரான் கோயில் வாசலில் நிற்கும்போது நடை சாத்தியிருப்பார்கள். ஒன்பது நிலைக் கோபுரத்தை வெளியே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, மறுபடி திறக்கிற வரைக்கும் எங்கேயாவது உட்கார்ந்திருக்க வேண்டும். சுற்றைத் தலைகீழாகப் போட்டு முதலில் கள்ளபிரான், கடைசியில் ஆதிச்சநல்லூர் என்று வைத்துக்கொண்டால் கோயில் கிடைக்கும், உச்சி வெயிலில் பரம்பில் நிற்க வேண்டிவரும். எப்படித் திருப்பிப் போட்டாலும் இரண்டில் ஒன்று இடிக்கும். இதைத்தான் மருமகனிடம் சொன்னேன், அவன் சைக்கிளில் போகலாமே என்றான். சரியான யோசனை. சைக்கிள் என்றால் இந்தச் சுற்றுக்கு ஈடு இணை கிடையாது, தட்டையான நிலம், எட்டரைக்குள் தாழி, பத்தரைக்குள் கள்ளபிரான். நடைதான் வேண்டும் என்கிறவனுக்குச் சைக்கிளைக் கொடுத்து என்ன செய்ய.

இப்போது அம்பை. சுற்று மொத்தம் பத்திலிருந்து பதிமூன்று கிலோமீட்டர், எந்த இடத்தில் சாலையை விட்டு வரப்பில் இறங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. செங்கோட்டை வண்டியில் காலையில் ஏறினால் பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று வந்து, கல்லிடைக்கும் அம்பைக்கும் நடுவே பாலத்தில் ஆற்றைத் தாண்டும். ஜன்னலோரம் இடம் பிடிப்பது நல்லது. வந்து இறங்கியதும் ஆற்றுப் பக்கம் ஒரு எட்டுப் போய்விட்டு வர வேண்டும், அங்கேதான் எரிச்சாவுடையார் கோயில். அம்பாசமுத்திரத்துக்கு அப்போது இளங்கோக்குடி என்று பேர். ஒன்பதாம் நூற்றாண்டில் வரகுண பாண்டியன் தொண்டை நாட்டில் அரைசூரில் பாளையம் இறங்கியிருந்தபோது இந்தக் கோயிலுக்கு 290 காசு கொடுத்து, அதை ஊர்ச் சபையிடம் ஒப்படைத்து, காசுக்கு வருடம் இரண்டு கலம் நெல் வட்டியாக 580 கலம் அளக்க வேண்டும், முதல் தொகையில் கை வைக்காமல் வட்டியில் நாலு வேளை பூசை நடக்க வேண்டும் என்று எழுதிவைத்தான். இன்றைக்கு பேங்கில் போடும் பிக்சட் டெபாசிட்டேதான். அந்த நெல் விளைந்த வயல்கள் வழியாகத்தான் அடுத்த நாலு மணி நேரம் நடக்கப் போகிறோம். இட்லி அரிசிக்குப் பேர்போன அம்பை 16 ரகம் பிறந்ததும் இந்த ஊர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில்தான், 1937-லிருந்து இருக்கிறது அது.

ஊரை விட்டு மேற்கே திரும்பியதும் மலை எதிரே வந்து நிற்கும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. காலையில் மேற்கே நடந்தால் வெயில் முதுகில், வெளிச்சம் மலையின் முகத்தில். மடிப்பு மடிப்பாக, நீர் விழுகிற வெள்ளைக் கோடு வரைக்கும் தெரியும். பதினோரு மணிக்கு மேல் அதே மலை புகை மூடினாற்போல வெளிறிவிடும், அப்போது நாம் கிழக்கே திரும்பி நடந்துகொண்டிருப்போம், நஷ்டம் இல்லை. சுற்றைத் தலைகீழாகப் போடுகிறவர்களுக்கு இது கிடைக்காது. வாய்க்கால் கரைகளில் புளியும் மருதும் உண்டு, கரையைவிட்டு வரப்பில் இறங்கினால் நிழல் போய்விடும், ஆனால் தை மாதத்தில் பிசானப் பயிர் இடுப்பளவு நிற்கிற நேரம், அந்தக் குளுமைக்கு ஒன்பது மணி வெயில் பெரிசாகத் தெரியாது. வரப்பு ஈரமாக இருந்தால் வழுக்கும், பூச்சி பொட்டு கிடக்கும், ஒருவர் பின் ஒருவராகக் காலடி பார்த்துப் போக வேண்டும். தெரியாத வயலில் இறங்கும் முன் யாராவது நின்றால் கேட்டுக்கொள்வது மரியாதை. "இப்படிப் போனா மன்னார்கோயில் வருமா அண்ணாச்சி" என்று கேட்டால் பாதி பேர் வழி சொல்வதோடு நிற்க மாட்டார்கள், கொஞ்ச தூரம் கூடவே வந்து விட்டுவிட்டுப் போவார்கள்.

மன்னார்கோயிலுக்கு முதலில் போக வேண்டும், பிரம்மதேசத்துக்கு அடுத்து. இதை மாற்றவே கூடாது. மன்னார்கோயில் பெரிய கோயில்தான், ஆனால் சின்ன ஊர், காலைப் பூசை முடிந்து பட்டர் கிளம்பிவிட்டார் என்றால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள். ஒன்பது மணிக்குள் அங்கே நிற்பது மாதிரி நடையை வைத்துக்கொள்ளுங்கள். ராஜகோபாலசாமி என்று இப்போது சொல்கிறோம், கல்வெட்டில் ராஜேந்திர சோழ விண்ணகரம். பதினோராம் நூற்றாண்டு, பாண்டிய நாட்டைச் சோழர்கள் பிடித்து ராஜேந்திரன் தன் மகனையே சோழ பாண்டியன் என்று பட்டம் கட்டி உட்கார வைத்திருந்த காலம். சோழன் பெயரில், பாண்டிய மண்ணில், இந்தக் கோயிலைக் கட்டியது சேர மன்னன் ராஜசிம்மன். மூவேந்தரும் ஒரே கோயிலில் இப்படி மாட்டிக்கொண்ட இடம் வேறு எங்கே இருக்கிறதோ. அஷ்டாங்க விமானம், கீழ்த்தளத்தில் பெருமாள் நிற்கிறார், மேலே அமர்ந்திருக்கிறார், அதற்கும் மேலே பள்ளிகொண்டிருக்கிறார். மேல்தளங்களுக்குப் போகிற படி குறுகல், பட்டர் மனசு வைத்துத் திறந்துவிட்டால் குனிந்து ஏறலாம். மூலவர் சுதை உருவம், வண்ணம் தீட்டியது, கருங்கல் மூர்த்தியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த இருட்டில் விளக்கைத் தூக்கிக் காட்டும்போது உயிரோடு நிற்பதாகவே படும். குலசேகர ஆழ்வார் அரசை விட்டுவிட்டு வந்து கடைசிக் காலத்தைக் கழித்தது இங்கேதான் என்பது ஐதீகம், அவருக்குத் தனிச் சன்னதி உண்டு. திருக்குறுங்குடியில் இருக்கிற வேலைப்பாடு இங்கே கிடையாது, கூட்டமும் கிடையாது. எனக்கு இதுதான் ஒரு படி மேலே.

பிரம்மதேசம் அங்கிருந்து பக்கம்தான். தென்னைகளுக்கு மேலே ஏழு நிலைக் கோபுரம் தூரத்திலேயே தெரிந்துவிடும், வழி கேட்கவே வேண்டாம். இந்தச் சின்ன ஊருக்கு இவ்வளவு பெரிய கைலாசநாதர் கோயிலா என்று முதலில் வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். சுற்றுவட்டாரத்தில் முள்ளி நாடு என்று கல்வெட்டுகள் சொல்கிற பகுதியில் பிராமணர்களுக்குக் கொடுத்த சதுர்வேதிமங்கலங்கள் நிறைய, நல்ல தண்ணீர், நல்ல வயல், அதனால் கோயிலுக்கும் கை தாராளம். பெரிய நந்தி, தல மரம் இலந்தை. இங்கே பத்தரை, பதினொன்றுக்கு வந்தாலும் குருக்கள் இருக்க வாய்ப்பு அதிகம், இல்லாவிட்டாலும் கோபுரமும் வெளிப்பிரகாரமும் போதும், வந்தது வீணாகாது. அதனால்தான் இதை இரண்டாவதாக வைக்கச் சொன்னேன். ஒரு எச்சரிக்கை, பதினோரு மணிக்குக் கல் தரை சுடும். பிரகாரத்தைச் சுற்றும்போது நிழல் விழுகிற பக்கமாக ஒட்டி ஒட்டிப் போக வேண்டும், சாக்ஸ் போட்டுக்கொண்டால் தப்பிக்கலாம். சென்னையிலிருந்து வருகிறவர்கள் கயிறு கட்டுகிற பெரிய ஷூவோடு வந்து ஒவ்வொரு கோயில் வாசலிலும் உட்கார்ந்து அவிழ்த்து மாட்டிக் கட்டிக்கொண்டிருப்பார்கள். பட்டை வைத்த செருப்பே போதும்.

இந்தச் சுற்றின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அம்பையை விட்டால் திரும்பி அம்பைக்கு வரும்வரை பெண்கள் ஒதுங்கச் சரியான கழிப்பறை கிடையாது, மைனி குறுங்குடிக்கு ஓட்டு போட இதுவும் ஒரு காரணம், அதை மறுக்க முடியாது. சாப்பாட்டுக்கும் அப்படித்தான், டீக்கடை உண்டு, உட்கார்ந்து சாப்பிட ஒன்றும் இல்லை. காலையிலேயே எலுமிச்சம்பழச் சாதமும் துவையலும் கட்டிக்கொள்ளலாம், அல்லது பன்னிரண்டரைக்குள் அம்பைக்குத் திரும்பி ஓட்டலில் சாப்பிடலாம். கடைசி மூன்று கிலோமீட்டர் தார்ச்சாலை, அலுப்புத் தட்டும், பஸ் வந்தால் வெட்கப்படாமல் ஏறிவிடுங்கள். ஆதிச்சநல்லூர் தருகிற அந்தப் பழமை, மூவாயிரம் வருடம் என்கிற எண்ணம், இங்கே கிடையாது.

ஆனால் மத்தியானத்தில் இது ஈடுகட்டிவிடும். கோயில்கள் சாத்தியிருக்கிற நேரத்தை ஸ்ரீவைகுண்டத்தில் கடைத் திண்ணையில் கழிக்க வேண்டும், இங்கே ஆற்றில் கழிக்கலாம். சாப்பிட்டுவிட்டு படித்துறையில் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு மூன்றரை வரைக்கும் கிடந்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் பாலத்தைத் தாண்டி நடந்தால் கல்லிடைக்குறிச்சி. அப்பளக்காரர்கள் ஊர். அங்கே குலசேகரமுடையார் கோயில் நடராசர் 1982-இல் திருடுபோய், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு கலைக்கூடத்தில் நின்று, 2019-இல்தான் ஊர் திரும்பினார். கல்லிடையிலேயே ரயில் ஏறிவிடலாம். சுத்தமாகச் சொன்னால் இது புறப்பட்ட இடத்திலேயே முடிகிற சுற்று இல்லைதான், ஒரு ஸ்டேஷன் தள்ளி முடிகிறது. தம்பி கணக்குப் பார்த்தால் அம்பையிலேயே முடித்துக்கொள்ளட்டும், ஆனால் கல்லிடையை விட்டுவிட வேண்டாம் என்பேன்.

திருப்புடைமருதூரையும் இதோடு சேர்க்கலாமா என்று கேட்டார்கள். கடனாநதி தாமிரபரணியில் சேருகிற இடம், நாறும்பூநாதர் கோயில், ஐந்து நிலைக் கோபுரத்துக்குள்ளே தளம் தளமாக மரச் சிற்பமும் சுவரோவியமும், கப்பலில் குதிரைகள் வந்து இறங்குவது வரைக்கும் எழுதியிருக்கிறார்கள். வெளியே மருத மரங்களில் கொக்கும் நாரையும் அடையும், 2005-இல் பறவைகளுக்கான காப்பகமாக அறிவித்தார்கள். நடையில் இழுத்தால் தூரம் இரட்டிப்பாகிவிடும். கோபுரத்துக்குள் ஏறுவதற்கும் கோயிலில் முன்கூட்டிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். அது மறுநாளுக்கு, வீரவநல்லூரிலிருந்து ஆட்டோவில்.

அரை நாள்தான் இருக்கிறது என்பவர்களுக்குத் திருநெல்வேலியிலேயே ஒன்று உண்டு, குறுக்குத்துறையில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிற முருகன் கோயிலில் தொடங்கி, சுலோசன முதலியார் தன் கைக்காசைப் போட்டு 1843-இல் கட்டிய பாலம் வரைக்கும். ஊர்ச் சத்தம் கூடவே வரும், வேறு குறை இல்லை.

மாதத்தையும் பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் வந்தால் அம்பைப் பக்கம் மலைச் சாரல் தூவும், மதியம் கூட நடக்கலாம். அதே ஆடியில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் காற்று மண்ணை வாரிக் கண்ணில் போடும். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு எப்போது என்ன செய்யும் என்று சொல்ல முடியாது, எந்தச் சுற்றும் வேண்டாம். பங்குனி, சித்திரையில் நடப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

ஆக, தம்பிக்கு அம்பைச் சுற்று. மருமகனோடு சேர்ந்து ஆதிச்சநல்லூருக்கு இன்னொரு நாள் சைக்கிள், அருங்காட்சியகம் அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு. மைனியும் பெரியவர்களும் அன்றைக்கே வேனில் குறுங்குடி போகட்டும். பொங்கலன்றும் மாட்டுப்பொங்கலன்றும் நடை வேண்டாம், கோயிலில் கூட்டம், பட்டரிடம் நின்று பேச முடியாது. காணும் பொங்கலன்று ஆற்றங்கரை முழுக்கச் சோற்றுப் பொட்டலத்தோடு ஜனம் உட்கார்ந்திருக்கும், அதுவும் தள்ளி. அதற்கு அடுத்த நாள் காலை முதல் செங்கோட்டை வண்டி. தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், மன்னார்கோயில் பட்டருக்கு முதல் நாளே ஒரு போன். நம்பர் நான் தனியாக அனுப்புகிறேன்.